லியோ ஃபெண்டர்

கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர் (ஆகஸ்ட் 10, 1909 – மார்ச் 21, 1991) என்னும் லியோ ஃபெண்டர், அமெரிக்காவைச் சேர்ந்த இசைக்கருவி வடிவமைப்பாளரும் தொழில்முனைவரும் ஆவார். டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆகிய மின்கிட்டார்களையும், பிரெசிஷன் பேஸ், ஜாஸ் பேஸ் ஆகிய மின் பேஸ் கிட்டார்களையும் உருவாக்கியவர் என்ற வகையில் இவர் அறியப்படுகிறார். இருபதாம் நூற்றாண்டின் மக்கள் இசையைப் பெரிதும் மாற்றியமைத்த கருவிகளைத் தந்த இவர் கிட்டார் வாசிக்கக் கற்றதே இல்லை. முறையான மின்னணுவியல் பட்டம் எதுவும் பெறாமல், வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்து வந்த அனுபவத்தின் வழியே இத்துறைக்கு வந்தவர் இவர்.

பேஸ் கிட்டாரில் நான்கு தந்திகளும் ஒரே அளவு ஒலியுடன் கேட்கவேண்டும் என்பது எளிதாகத் தோன்றினாலும் கடினமான ஒரு தேவையாகும். ஒரு தந்தி ஓங்கியும் மற்றொன்று அமுங்கியும் ஒலித்தால் பாடலின் அடித்தளமே ஆட்டம் காணும். 1951 முதல் 1980 வரை ஃபெண்டர் வடிவமைத்த பேஸ் கிட்டார்களை வரிசையாக நோக்கினால், இச்சிக்கலுக்கு அவர் படிப்படியாகக் கண்ட விடைகளை அவற்றில் காணலாம்.

இளமைக்காலம்

லியோ ஃபெண்டர், கலிபோர்னியா மாநிலத்தில் அனகைம், ஃபுல்லர்ட்டன் நகரங்களுக்கு இடைப்பட்ட பகுதியில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தார். எட்டு வயதில் கட்டி ஒன்றின் காரணமாக இடது கண்ணை இழந்தார். அதன் பின்னர் வாழ்நாள் முழுவதும் கண்ணாடிக் கண்ணுடனேயே இருந்தார். இக்குறைபாட்டின் காரணமாக இரண்டாம் உலகப் போரின்போது இவர் படைத்துறைப் பணிக்கு அழைக்கப்படவில்லை.

இவருடைய மாமா, வாகன மின்சாதனப் பட்டறை ஒன்றை நடத்தி வந்தார். அவர் 1922 ஆம் ஆண்டில் பழைய வானொலி உதிரிப் பாகங்கள் நிறைந்த பெட்டி ஒன்றைச் சிறுவன் ஃபெண்டருக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு அப்பட்டறைக்குச் சென்றபோது, அங்கு மாமா தம் கையால் செய்து வைத்திருந்த வானொலியின் ஒலிபெருக்கியிலிருந்து எழுந்த ஓசை அவரைப் பெரிதும் ஈர்த்தது. அதன் பின்னர் வீட்டிலேயே சிறிய அளவில் வானொலி பழுதுபார்க்கத் தொடங்கினார். பள்ளியில் பியானோவும் சாக்சபோனும் ஓரளவு பயின்றார்.

1928 இல் பள்ளிப்படிப்பை முடித்து, ஃபுல்லர்ட்டன் இளநிலைக் கல்லூரியில் கணக்கியல் பயின்றார். அக்காலத்தில் மின்னணுவியல் பாடம் எதுவும் படிக்கவில்லை. கல்லூரிக்குப் பிறகு ஒரு பனிக்கட்டி நிறுவனத்தில் முதலில் விநியோகப் பணியும் பின்னர் கணக்கர் பணியும் செய்தார். இக்காலத்தில் நடன இசைக்குழுத் தலைவர் ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, பொது நிகழ்ச்சிகளுக்கான ஆறு ஒலிபெருக்கி அமைப்புகளைச் செய்து கொடுத்தார். மேடையில் இசைக்கலைஞர்கள் எதிர்கொள்ளும் ஒலிச் சிக்கல்களை அவர் நேரில் அறிந்தது இவ்வழியாகவே எனலாம்.

1934 இல் எஸ்தர் கிளாஸ்கி என்பவரை மணந்தார். பின்னர் கலிபோர்னியா நெடுஞ்சாலைத் துறையில் கணக்கராகப் பணியாற்றினார். பெரும் பொருளாதார வீழ்ச்சியின் விளைவாக அப்பணியிடம் நீக்கப்பட்டது. அதன்பின் சேர்ந்த டயர் நிறுவன வேலையும் சில மாதங்களில் பறிபோனது. இவ்வாறு இருமுறை வேலையிழந்த ஃபெண்டர், 1938 இல் 600 டாலர் கடன் பெற்று, ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலி பழுதுபார்க்கும் கடை ஒன்றைத் திறந்தார்.

பழுதுபார்க்கும் கடையிலிருந்து தொழிற்சாலைக்கு

ஃபெண்டரின் கடைக்கு வானொலிகளுடன் இசைக்கலைஞர்களின் ஆம்ப்ளிபயர்களும் மின்கிட்டார்களும் பழுதுபார்க்க வந்தன. அவற்றைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் அவை எவ்விடத்தில் பழுதாகின்றன, எதனை மாற்றுவது கடினமாக உள்ளது என்பனவற்றை இவர் கவனித்தார். பின்னாளில் இவர் வடிவமைத்த கருவிகளில் இந்த அனுபவம் தெளிவாக வெளிப்பட்டது. கழுத்துப் பகுதி ஒட்டப்படாமல் திருகாணிகளால் இணைக்கப்பட்டது. மின்பாகங்கள் எளிதில் கழற்றக்கூடிய தகட்டின்மீது பொருத்தப்பட்டன. எந்தப் பகுதி பழுதானாலும் அப்பகுதியை மட்டும் மாற்றிக்கொள்ள முடிந்தது.

மின்கிட்டார் துறையில் முன்பே அனுபவம் பெற்றிருந்த டாக் காஃப்மன் என்பவருடன் இணைந்து, இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் கே அண்டு எஃப் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். மடியில் கிடத்தி வாசிக்கும் அவாய் கிட்டார்களையும் ஆம்ப்ளிபயர்களையும் இந்நிறுவனம் தயாரித்தது. 1946 இல் காஃப்மன் விலகிக்கொண்டார். ஃபெண்டர் தனித்து நடத்திய தொழில், ஃபெண்டர் எலக்ட்ரிக் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனி என்னும் பெயர் பெற்றது. 1948 இல் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டன் பணியில் சேர்ந்தார். இவர் ஃபெண்டரின் இறுதிக்காலம் வரை உடனிருந்த கூட்டாளியாவார்.

1950 இல், உட்குடைவு இல்லாத கெட்டி மரப்பலகையால் ஆன மின்கிட்டார் விற்பனைக்கு வந்தது. பிராட்காஸ்டர் என்ற பெயரில் வெளியான அதன் ஒரு வடிவம், மற்றொரு நிறுவனத்தின் முரசுக்கு அதே ஒலிப்புடைய பெயர் இருந்தமையால் 1951 இல் டெலிகாஸ்டர் எனப் பெயர் மாற்றப்பட்டது. பெருமளவில் தயாரிக்கப்பட்டு வெற்றிபெற்ற முதல் கெட்டிப்பலகை மின்கிட்டார் இதுவே.

பிரெசிஷன் பேஸ்

அக்கால நடனக் குழுக்களில் தாழ்சுரப் பகுதியை வாசித்தவர்கள் ஆளுயர டபுள் பேஸ் என்னும் கருவியையே பயன்படுத்தினர். அதனைத் தூக்கிச் செல்வது கடினம். முரசும் மின்கிட்டாரும் ஒலிக்கும் மேடையில் அதன் ஓசை கேட்பதும் அரிது. அதன் கழுத்தில் மெட்டுகள் இல்லாமையால் சரியான சுரத்தில் விரல் வைக்க நீண்ட பயிற்சி தேவைப்பட்டது.

இக்குறைகளுக்கு விடையாக 1951 இல் ஃபெண்டர் பிரெசிஷன் பேஸ் கிட்டாரை வெளியிட்டார். வீணையில் உள்ளதுபோல் இதன் கழுத்திலும் மெட்டுகள் இருந்தமையால் சுரம் துல்லியமாக அமைந்தது. துல்லியம் என்னும் பொருள்படும் பெயர் இதற்கு இடப்பட்டதன் காரணமும் இதுவே. தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது ஏறத்தாழ 86 சென்டிமீட்டர் என அமைக்கப்பட்டது. இந்த அளவே இன்றளவும் பெரும்பாலான பேஸ் கிட்டார்களில் பின்பற்றப்படுகிறது. சியாட்டில் நகரைச் சேர்ந்த பால் டுட்மார்க் 1930களிலேயே மெட்டுகளுடன் கூடிய மின் பேஸ் ஒன்றைச் செய்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. எனினும் அது பரவலாகவில்லை. 1952 இல் பேஸ் கிட்டாருக்கெனவே பேஸ்மேன் என்னும் ஆம்ப்ளிபயரையும் ஃபெண்டர் வெளியிட்டார்.

தந்திகளின் ஒலி ஏற்றத்தாழ்வு

மின்கிட்டாரில் ஓசையை மின்குறிகையாக மாற்றுவது பிக்கப் எனப்படும் காந்த உணரியாகும். நிலைக்காந்தம் ஒன்றைச் சுற்றி, முடியைவிட மெல்லிய செப்புக் கம்பி பல ஆயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். காந்தத்தின் அருகே உள்ள எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறுபடுகிறது. இம்மாற்றம் கம்பிச்சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. 1831 இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை.

தந்தி காந்தத்தை நெருங்க நெருங்கக் குறிகை வேகமாக வலுக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வேறுபாடே காதுக்குப் புலப்படும். நான்கு தந்திகள் ஒரே அளவில் ஒலிக்காமல் போவதற்குப் பல காரணங்கள் உள்ளன. அவற்றுள் முதன்மையானவை:

* கழுத்தின் மேற்பரப்பு சற்று வளைந்திருக்கும். பழைய ஃபெண்டர் கருவிகளில் இந்த வளைவின் ஆரம் 7.25 அங்குலம். தந்திகளும் அவ்வளைவையே பின்பற்றுகின்றன. ஆனால் உணரியின் துருவத் தண்டுகள் சமமட்டமாக இருப்பின், நடுவிலுள்ள ஏ, டி தந்திகள் ஓரத்திலுள்ள ஈ, ஜி தந்திகளைவிடக் காந்தத்திலிருந்து சற்று விலகி நிற்கும்.
* தடித்த தந்தியில் காந்தத்தால் ஈர்க்கப்படும் எஃகு மிகுதி. மெல்லிய ஜி தந்தியில் அது குறைவு.
* தந்தியின் உலோகமும் சுற்றும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவையாக இல்லாதபோது வேறுபாடு தோன்றும். வியர்வையாலும் துருவாலும் உயிரிழந்த பழைய தந்தி, புதிய தந்திகளின் நடுவே அமுங்கி ஒலிக்கும்.
* ஈ தந்தி 41 ஹெர்ட்சு அளவிலும் ஜி தந்தி 98 ஹெர்ட்சு அளவிலும் அதிர்கின்றன. மனிதக் காது மிகத் தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைவாகவே உணர்கிறது. எனவே மின்னளவில் சமமாக உள்ளவை காதுக்குச் சமமாகத் தோன்றா.

1951 ஆம் ஆண்டின் முதல் பிரெசிஷன் பேஸ் கிட்டாரில் நான்கு துருவத் தண்டுகள் மட்டும் இருந்தன. ஒவ்வொரு தந்திக்கும் நேர் கீழே ஒன்று என அவை அமைந்தன. தந்தியைச் சுண்டும்போது அது துருவத்தின் உச்சியை விட்டுப் பக்கவாட்டில் விலகி மீள்வதால், ஓசை முதலில் வெடித்துப் பின்னர் தாழ்ந்தது. மேலும், தந்திகளைத் தாங்கும் குதிரையில் நான்கு தந்திகளுக்கும் சேர்த்து இரண்டு தாங்கிகளே இருந்தன. இதனால் ஒரு தந்தியின் உயரத்தை மட்டும் தனியே மாற்ற இயலவில்லை. ஒன்றைத் திருத்தினால் அதன் இணைத் தந்தியும் பாதிக்கப்பட்டது.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் தந்த பாடம்

1954 இல் வெளியான ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் ஃபெண்டரும் அவருடைய கூட்டாளிகளும் வேறொரு வழியைக் கையாண்டனர். ஆறு துருவத் தண்டுகளும் வெவ்வேறு உயரத்தில் அமைக்கப்பட்டன. ஓசை குறைந்த தந்திக்கு உயரமான தண்டும், ஓசை மிகுந்த தந்திக்குக் குட்டையான தண்டும் வைக்கப்பட்டன. அக்காலத்தில் கிட்டாரின் மூன்றாவது தந்தி உலோகச் சுற்றுடன் கூடியதாக இருந்தது. அதற்கேற்ப அத்தண்டு உயரமாக வைக்கப்பட்டிருந்தது.

பின்னர் இசைக்கலைஞர்கள் சுற்றில்லாத மெல்லிய மூன்றாவது தந்திக்கு மாறினர். அதனால் முன்பு சமநிலை தந்த அதே உயரம், மூன்றாவது தந்தியை மற்றவற்றைவிட ஓங்கி ஒலிக்கச் செய்தது. தொழிற்சாலையில் நிலையாகப் பொருத்தப்பட்ட சமநிலை, தந்தி மாறினால் கெட்டுவிடும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

1957 ஆம் ஆண்டு மாற்றங்கள்

1957 இல் பிரெசிஷன் பேஸ் பெருமளவில் திருத்தப்பட்டது. உணரி இரண்டு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு துண்டு ஈ, ஏ தந்திகளுக்கும் மற்றொன்று டி, ஜி தந்திகளுக்கும் உரியன. இரு துண்டுகளின் காந்த முனைகளும் சுற்றுத் திசைகளும் எதிரெதிராக அமைந்தமையால், மின்சாரக் கம்பிகளிலிருந்து உணரப்படும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொண்டது.

தந்திகளின் சமநிலையைப் பொறுத்தவரை மூன்று நன்மைகள் விளைந்தன. முதலாவதாக, ஒவ்வொரு தந்திக்கும் ஒன்றுக்குப் பதில் இரண்டு துருவத் தண்டுகள் அமைந்தன. தந்தி அவ்விரண்டிற்கும் நடுவே சென்றது. ஒன்றை விட்டு விலகும்போது மற்றொன்றை நெருங்குவதால் ஓசை சீராக நின்றது. இரண்டாவதாக, இரு துண்டுகளுக்கும் தனித்தனியே திருகாணிகள் இருந்தமையால் தடித்த தந்திகளின் பகுதியை இறக்கி மெல்லிய தந்திகளின் பகுதியை ஏற்ற முடிந்தது. மூன்றாவதாக, குதிரையில் நான்கு தந்திகளுக்கும் நான்கு தனித் தாங்கிகள் வைக்கப்பட்டன.

இந்த வடிவம் அதன் பின்னர் பெரிய மாற்றமின்றித் தயாரிக்கப்பட்டு வருகிறது. மோட்டவுன் நிறுவனத்தின் பாடல்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் (1936–1983) வாசித்த பேஸ் இவ்வகையைச் சேர்ந்தது. 1960 இல் வெளியான ஜாஸ் பேஸ் கிட்டாரில் இரண்டு உணரிகள் இருந்தன. அவை ஒவ்வொன்றிலும் தந்திக்கு இரண்டு என எட்டுத் துருவத் தண்டுகள் அமைந்தன. ஜாக்கோ பாஸ்டோரியஸ் (1951–1987) இக்கருவியால் புகழ்பெற்றார். அக்கால இசைத்தட்டுகளின் உறைகளில் மின் பேஸ் கருவி ஃபெண்டர் பேஸ் என்றே பல இடங்களில் குறிக்கப்பட்டது.

நோயும் நிறுவன விற்பனையும்

1950களின் நடுப்பகுதியிலிருந்து ஃபெண்டர் நாட்பட்ட நுண்ணுயிர்த் தொற்றினால் துன்புற்றார். நோய் நீங்காத நிலையில், தமக்குப் பின் நிறுவனத்தின் கதி என்னவாகும் என்ற கவலையில் அதனை விற்க முடிவு செய்தார். 1965 சனவரியில் சி.பி.எஸ். நிறுவனம் 13 மில்லியன் டாலருக்கு அதனை வாங்கியது. தம் பெயரைத் தாங்கிய நிறுவனத்தில் அதன்பின் சில காலம் ஆலோசகராக மட்டுமே அவர் இருந்தார். விற்பனைக்குப் பின்னர் வேறொரு மருத்துவரின் சிகிச்சையால் அவருடைய நோய் முற்றிலும் குணமானது. ஆனால் பத்தாண்டுகள் போட்டித் தொழிலில் ஈடுபடுவதில்லை என்னும் உடன்பாட்டிற்கு அவர் கட்டுப்பட்டிருந்தார். 55 வயதில் உடல்நலம் கருதி விட்டுக்கொடுத்த தொழிலுக்கு, நலம் பெற்ற பிறகும் உடனே திரும்ப இயலாமல் போயிற்று.

மியூசிக் மேன் காலம்

தம் முன்னாள் பணியாளர்களான பாரஸ்ட் வைட், டாம் வாக்கர் ஆகியோர் தொடங்கிய மியூசிக் மேன் நிறுவனத்திற்கு 1975 இல் ஃபெண்டர் தலைவரானார். 1976 இல் இந்நிறுவனத்தின் ஸ்டிங்ரே பேஸ் வெளிவந்தது. மின்கலத்தால் இயங்கும் முன்பெருக்கிச் சுற்று கருவியினுள்ளேயே பொருத்தப்பட்டது இதன் சிறப்பாகும். தாழ்சுரத்தையும் உச்சசுரத்தையும் கருவியிலேயே கூட்டிக் குறைக்க முடிந்தது. உணரியில் தடித்த எட்டுத் துருவத் தண்டுகள் இருந்தன.

பெரும் வெற்றி பெற்ற இக்கருவியைப் பற்றியும் வாசிப்பவர்களிடையே ஒரு குறை நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. மற்ற மூன்று தந்திகளைவிட ஜி தந்தி சற்று மெலிந்து ஒலிக்கிறது என்பதே அது. துருவத் தண்டுகள் நிலையானவை ஆதலால் உணரியை ஒருபுறமாகச் சாய்த்து ஏற்றுவதே எளிதில் கிடைக்கும் தீர்வாக இருந்தது. உற்பத்தி தொடர்பாக இரு தரப்பிற்கும் இடையே கருத்து வேறுபாடு முற்றியதால் 1970களின் இறுதியில் ஃபெண்டர் இந்நிறுவனத்திலிருந்து விலகினார். 1979 இல் அவருடைய மனைவி எஸ்தர் புற்றுநோயால் காலமானார். 1980 இல் பில்லிஸ் என்பவரை ஃபெண்டர் மறுமணம் செய்துகொண்டார்.

ஜி அண்டு எல் நிறுவனம்

ஜார்ஜ், லியோ என்னும் பெயர்களின் முதலெழுத்துகளைக் கொண்டு ஜி அண்டு எல் என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1980 இல் இந்நிறுவனத்தின் எல்-1000, எல்-2000 பேஸ் கிட்டார்கள் வெளியாயின. ஃபெண்டர் புதிதாக வடிவமைத்த உணரி இவற்றில் இடம்பெற்றது. இதில் துருவத் தண்டுகளே காந்தங்களாக இருக்கவில்லை. அடியில் பீங்கான் வகைக் காந்தப் பட்டை ஒன்று வைக்கப்பட்டது. அதன்மீது இரும்புத் திருகாணிகள் துருவங்களாக நின்றன. அறுகோணச் சாவி ஒன்றைக் கொண்டு ஒவ்வொரு திருகாணியையும் தனித்தனியே ஏற்றி இறக்க முடிந்தது.

இவ்வாறு, தந்திகளின் சமநிலையைத் தொழிற்சாலையிலேயே தீர்மானிக்கும் முறை மாறி, அது கருவியை வாசிப்பவரின் கைக்கு வந்தது. தந்தி எவ்வகையாயினும், வாசிக்கும் கை எத்தகையதாயினும், அதற்கேற்ப ஒலியைச் சமன் செய்துகொள்ள இயன்றது. திருகாணி மூலம் துருவத்தை மாற்றும் உத்தி பிற நிறுவனங்களின் கிட்டார்களில் முன்பே இருந்தது. எனினும் ஃபெண்டரின் பேஸ் கிட்டார்களில், 1951 இன் நான்கு நிலையான தண்டுகளில் தொடங்கிய தேடல் இதில் நிறைவு பெற்றது எனலாம்.

சமன் செய்யும் முறை

ஃபெண்டரின் வடிவமைப்பைப் பின்பற்றும் பேஸ் கிட்டார்களில் தந்திகளின் ஒலியைச் சமன் செய்வதற்குப் பழுதுபார்ப்பவர்கள் பொதுவாகப் பின்வரும் வரிசையைப் பின்பற்றுகின்றனர்.

* முதலில் ஒரே தொகுதியைச் சேர்ந்த புதிய தந்திகள் கட்டப்படுகின்றன. பழைய தந்திகளை வைத்துக்கொண்டு செய்யும் திருத்தம் நிலைப்பதில்லை.
* கழுத்தின் வளைவும், குதிரையில் தந்திகளின் உயரமும் சரிசெய்யப்படுகின்றன. இவை மாறினால் உணரிக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியும் மாறும் என்பதால் உணரியை இதன் பின்னரே தொடவேண்டும்.
* தந்தியைக் கடைசி மெட்டில் அழுத்திப் பிடித்து, துருவத்திற்கும் தந்திக்கும் உள்ள இடைவெளி அளக்கப்படுகிறது. ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் என்பது தொடக்க அளவாகக் கொள்ளப்படுகிறது. தடித்த தந்திகளின் பக்கம் இடைவெளி சற்று மிகுதியாக விடப்படுகிறது.
* ஓங்கி ஒலிக்கும் பக்கம் திருகாணியால் இறக்கப்படுகிறது. மெலிந்த பக்கத்தை ஏற்றிக்கொண்டே செல்வதைவிட இதுவே நல்லது. காந்தம் மிக நெருங்கினால் அது தந்தியை இழுத்து, சுரத்தைப் பிசகச் செய்வதுடன் ஓசை நீடிப்பதையும் குறைத்துவிடும்.
* தனித்தனியே திருகக்கூடிய துருவங்கள் இருப்பின் இறுதியாக அவை சரிசெய்யப்படுகின்றன.

ஒரு தந்தியின் எல்லாச் சுரங்களும் மெலிந்திருந்தால் மட்டுமே இம்முறை பயன்தரும். ஒரு குறிப்பிட்ட மெட்டில் மட்டும் ஓசை சட்டென்று அவிந்துபோனால் அதற்குக் காரணம் உணரி அன்று. கழுத்து மரத்தின் இயல்பதிர்வு அச்சுரத்தின் ஆற்றலை உறிஞ்சிவிடுவதே காரணம். ஃபெண்டர் வகைப் பேஸ் கிட்டார்களில் ஜி தந்தியின் ஐந்தாவது முதல் ஏழாவது மெட்டு வரையிலான பகுதியில் இது அடிக்கடி காணப்படுகிறது. எஞ்சிய ஏற்றத்தாழ்வுகளைக் கம்ப்ரசர் என்னும் மின்கருவி ஓரளவு மறைக்கும். வலக்கை விரல்களின் பயிற்சிக்கும் இதில் பெரும் பங்குண்டு.

தமிழ்நாட்டில்

தமிழ்த் திரையிசையில் பேஸ் கிட்டாருக்குத் தனிச்சிறப்பான இடம் கிடைத்தது, 1976 இல் அன்னக்கிளி திரைப்படத்தின் மூலம் அறிமுகமான இளையராஜாவின் இசையில் எனலாம். அவருடைய பாடல்களில் பேஸ் வெறும் தாளத்துணையாக நில்லாமல் தனியொரு மெட்டாகவே நடைபோடுகிறது. அப்பாடல்களை மேடையில் இசைக்க வேண்டிய மெல்லிசைக் குழுக்களுக்கு பேஸ் கிட்டார் இன்றியமையாததாயிற்று.

விருதுநகர் மாவட்டத்தில் அருகருகே அமைந்த இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய ஊர்கள் உட்படத் தென்மாவட்டங்களில், கோயில் திருவிழாக்களிலும் திருமணங்களிலும் இத்தகைய மெல்லிசைக் கச்சேரிகள் வழக்கமானவை. திறந்தவெளி மேடையில் பெரிய ஒலிபெருக்கிகளின் வழியே பேஸ் ஒலிக்கும்போது ஒரு தந்தி அமுங்கினால், பாடகருக்குச் சுருதி பிடிக்கும் தளமே அவ்விடத்தில் மறைந்துபோகும். ஓங்கிய தந்தியோ முழு ஒலிபெருக்கி அமைப்பையும் அதிரச் செய்து பாடலை மூடிவிடும். நூற்பாலைகள் நிறைந்த இராஜபாளையம் போன்ற ஊர்களில், மின்மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றும் தொழில் நன்கு அறியப்பட்டதாகும். கிட்டாரின் உணரியும் அதே எனாமல் பூசிய செப்புக் கம்பியின் சுருளேயாகும். இதில் கம்பியின் தடிமன் ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர் மட்டுமே.

தந்திகளைச் சமன் செய்யும் கலை தமிழர்க்குப் புதியதன்று. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின்மீது பதிக்கப்படுகின்றன. மெழுகு தளர்ந்து மெட்டு ஏறியிறங்கினால், வீணை செய்வோர் அதனை மீண்டும் கட்டிச் சுரத்தானங்களைச் சரிசெய்வர். மேடைக் கச்சேரிகளுக்காக வீணையில் உணரி பொருத்தும்போது, ஃபெண்டர் கையாண்ட காந்தத்தின் எல்லையும் தெரியவரும். காந்த உணரி எஃகுத் தந்தியை மட்டுமே நன்கு உணரும். பித்தளைத் தந்திகள் கட்டப்பட்ட வீணையில் எஃகுத் தந்திகள் ஓங்கவும் மற்றவை ஒலிக்காமல் போகவும் நேரிடும். இதனால் மரத்தின் அதிர்வையே நேரடியாக உணரும் தொடு உணரிகள் வீணைக்குப் பொருத்தமானவையாக உள்ளன.

இறுதிக்காலம்

ஃபெண்டர் முதுமையில் பார்க்கின்சன் நோயால் துன்புற்றார். கைநடுக்கத்தையும் பொருட்படுத்தாமல் நாள்தோறும் ஃபுல்லர்ட்டனில் இருந்த தம் பணியறைக்குச் சென்று வடிவமைப்புகளில் ஈடுபட்டார். இறப்பதற்கு முந்தைய நாளிலும் பணிக்குச் சென்றிருந்தார். 1991 மார்ச் 21 அன்று தமது 81 ஆவது வயதில் காலமானார். அவருடைய பணியறை அவர் விட்டுச்சென்ற நிலையிலேயே பல ஆண்டுகள் பாதுகாக்கப்பட்டது. அதே ஆண்டில் ஜி அண்டு எல் நிறுவனத்தை பி.பி.இ. சவுண்ட் நிறுவனம் வாங்கியது.

அவருடைய பெயரைத் தாங்கிய முதல் நிறுவனத்தை 1985 இல் அதன் பணியாளர் குழுவினர் சி.பி.எஸ். நிறுவனத்திடமிருந்து விலைக்கு வாங்கியிருந்தனர். மியூசிக் மேன் 1984 இல் எர்னி பால் நிறுவனத்தின் வசமானது.

சிறப்புகள்

* 1992: ராக் அண்டு ரோல் புகழரங்கில் இடம்பெற்றார்.
* 2009: தொழில்நுட்பத்திற்கான கிராமி விருது இவருடைய மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

முதன்மையான பேஸ் கிட்டார் வடிவமைப்புகள்

* பிரெசிஷன் பேஸ் (1951): தந்திக்கு ஒரு நிலையான துருவம், குதிரையில் இரண்டு தாங்கிகள்
* பிரெசிஷன் பேஸ், திருத்திய வடிவம் (1957): பிரிக்கப்பட்ட உணரி, தந்திக்கு இரண்டு துருவங்கள், நான்கு தாங்கிகள்
* ஜாஸ் பேஸ் (1960): இரண்டு உணரிகள், ஒவ்வொன்றிலும் எட்டுத் துருவங்கள்
* ஸ்டிங்ரே (1976): தடித்த எட்டுத் துருவங்கள், உள்ளமைந்த முன்பெருக்கி
* எல்-1000, எல்-2000 (1980): தனித்தனியே திருகக்கூடிய துருவங்கள்